பேடிங்டன் படம் பிள்ளைங்களுக்கு: டிஸ்க் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, ஸ்ட்ரீமிங்கே போதுமா?

சவுத் ஆப்ரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வர்த்ல சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிஞ்சு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போக வர்ற அம்மாக்கள்ல மூணு பேர் இந்த மாசம் என்கிட்ட ஒரே கேள்வியக் கேட்டாங்க. வகுப்புல நான் பேடிங்டன் கரடிக் கதைய தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சதுல இருந்து பிள்ளைங்க வீட்டுக்குப் போய் படத்தப் போடு படத்தப் போடுன்னு உசிர எடுக்குதாம், இப்ப அத டிவிடியா வாங்கிடலாமா, இல்ல இருக்குற ஸ்ட்ரீமிங்லயே வரும் வரும்னு காத்திருக்கலாமா, இல்ல போன்ல வாடகைக்கு எடுத்துக் காட்டிட்டு விட்டுடலாமான்னு. ஒவ்வொருத்தருக்கும் வாசல்ல நின்னு கால் மணி நேரம் பதில் சொல்லி பாதி விட்டுப் போச்சு, அதான் இங்க முழுசா எழுதுறேன்.

கதை தெரியாதவங்களுக்கு: மைக்கேல் பாண்ட் 1958-ல எழுதுன புத்தகம். பெரு நாட்டுக் காட்டுல இருந்து ஒரு குட்டிக் கரடி லண்டன் பேடிங்டன் ஸ்டேஷன்ல வந்து நிக்குது, கையில ஒரு பெட்டி, தொப்பிக்குள்ள மார்மலேடு சாண்ட்விச், கழுத்துல ஒரு அட்டை. 2014-ல பால் கிங் படமா எடுத்தார், கரடிக்குக் குரல் பென் விஷா. 2017-ல ரெண்டாவது, 2024-ல மூணாவது. நான் இங்க பேசுறது முதல் படம். அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும், ரெண்டாவத முதல்ல காட்டுனா அந்த ஸ்டேஷன் காட்சியோட அருமை போயிடும்.

முதல்ல எத எத வச்சு பாக்கணும்

விலைய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. நான் அஞ்சு விஷயம் பாப்பேன்.

பிள்ளை எத்தனை தடவ பாக்கும்ங்கறது முதல் விஷயம். பெரியவங்க நாம ஒரு தடவ பாத்துட்டு எந்திரிச்சுப் போயிடுவோம், அஞ்சு வயசுப் பிள்ளை அப்படி இல்ல, பாத்ரூம்ல தண்ணி பொங்குற காட்சிய மட்டுமே ஒரு நாளைக்கு நாலு தடவ கேக்கும். ரெண்டாவது, டேட்டாவும் கரண்டும். மூணாவது, வாங்குறது நம்ம வீட்டு மெஷின்ல ஓடுமா. நாலாவது, நிறுத்தி நிறுத்திப் பேச வசதி இருக்கா. நாலு வருஷம் கழிச்சு சின்னது வளந்து நிக்கும்போது படம் நம்ம கையில இருக்குமாங்கறது அஞ்சாவது.

இதுல நாலாவது எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னு கொஞ்சம் சொல்லணும். எங்க வீட்டுல இந்தப் படத்த முதல் தடவ போட்டப்ப என் மாமியாரும் கூட உக்காந்திருந்தாங்க, பிள்ளைங்களுக்கு ஆயா. ஸ்டேஷன்ல கரடி நிக்குது, கழுத்துல அட்டை, அதுல "தயவுசெஞ்சு இந்தக் கரடியப் பாத்துக்கோங்க, நன்றி"ன்னு எழுதியிருக்கு. சின்னவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கு ஆயான்னு கேட்டா. நிறுத்தச் சொல்லி ஆயா படிச்சுக் காட்டுனாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு எந்திரிச்சுப் போய் பீரோவுல இருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தாங்க. அவங்க தாத்தாவோட தாத்தா கப்பல்ல வந்தப்ப எழுதுன லிஸ்ட்டோட ஒரு பக்கம், அதுல அவருக்கு ஒரு நம்பர், அப்பா பேரு, ஊரு, வயசு. 1860-ல ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிக்கு வந்தவங்கள ஏத்திக்கிட்டு மெட்ராஸ்ல இருந்து டர்பன் வந்து சேந்தது, அதுக்குப் பின்னாடி வந்த எத்தனையோ கப்பல் எல்லாத்துலயும் நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டுத்தான் இறக்குனாங்க. "இவருக்கும் ஒரு அட்டை இருந்துச்சு கண்ணு, ஆனா பாத்துக்கோங்கன்னு யாரும் எழுதல"ன்னாங்க ஆயா. படம் அரை மணி நேரம் அப்படியே நின்னுச்சு, சின்னவ அந்த நம்பர விரலால தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தா.

இது ஏதோ நம்மளா இழுத்துப் பிடிச்சு சொல்ற சம்பந்தம் இல்ல. போர்க்காலத்துல ஊர விட்டு ஊர் அனுப்புன பிள்ளைங்க கழுத்துல அட்டையோட ரயில்வே ஸ்டேஷன்ல நின்னத பாண்ட் பாத்திருக்கார், அந்த ஞாபகம்தான் கரடி கழுத்துக்கு வந்துச்சு. அதனால இந்தப் படத்த நிறுத்திப் பேசாம பாத்தா பாதிதான் பாத்த மாதிரி.

சரி, இனி ஒவ்வொண்ணா.

| வழி | 20 தடவ பாத்தா டேட்டா | மெஷின் | நம்ம கையில எத்தன நாள் |
|---|---|---|---|
| ஸ்ட்ரீமிங் சந்தா | எச்டி-ல 95 ஜிபி வரைக்கும் | போன், டிவி எதுவும் | அவங்க எடுக்குற வரைக்கும் |
| டிஜிட்டல் வாடகை | ஒவ்வொரு வாடகைக்கும் ஒரு டவுன்லோடு | டவுன்லோடுக்கு பெரும்பாலும் போன், டேப்லெட் | ஆரம்பிச்சா 48 மணி நேரம் |
| டிஜிட்டல்ல வாங்குறது | ஒரு தடவ டவுன்லோடு | அந்தக் கணக்கு இருக்குற மெஷின் | கணக்கும் லைசென்ஸும் இருக்குற வரைக்கும் |
| டிவிடி | 0 | பிராந்தியம் 2 பிளேயர் (கீழ சொல்றேன்) | கீறல் விழாத வரைக்கும் |
| ப்ளூ-ரே | 0 | பிராந்தியம் பி பிளேயர் | அதே மாதிரி |

ஸ்ட்ரீமிங் சந்தா

ஏற்கெனவே சந்தா கட்டுறீங்க, அதுல இன்னைக்குப் படம் இருக்குன்னா முதல் தடவ அதுலயே பாருங்க, யோசிக்கவே வேணாம். நெட்ஃபிளிக்ஸ் 2016-லயும் டிஸ்னி பிளஸ் 2022-லயும் இங்க வந்தாச்சு, பல வீட்டுல ரெண்டுல ஒண்ணு இருக்கு. ஆனா பிரிட்டன்ல இருக்குற சொந்தக்காரங்க "எங்க ஆப்ல இருக்கே"ன்னு சொல்றத நம்பி இங்க சந்தா கட்டிடாதீங்க, ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தனித்தனியா விக்கிறாங்க, அங்க இருக்குறது இங்க இருக்கணும்னு இல்ல. கட்டுறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் கணக்குல தேடிப் பாத்துட்டுக் கட்டுங்க.

மறைஞ்சு நிக்கிற செலவு டேட்டாதான். நெட்ஃபிளிக்ஸே சொல்ற கணக்கு, எச்டி-ல ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும், 4கே-ல 7 ஜிபி வரைக்கும் போகும். படம் 95 நிமிஷம். ஒரு தடவைக்கு 4.75 ஜிபி, 20 தடவைக்கு 95 ஜிபி. ஃபைபர் போட்ட வீட்டுக்கு இது ஒண்ணுமே இல்ல, ஆனா ப்ரீபெய்டு டேட்டா பண்டில்ல ஓட்டுற வீட்டுக்கு மாச டேட்டாவே காலி, அதுலயும் பல பண்டில்ல ஒரு பங்கு ராத்திரிக்கு மட்டும்னு இருக்கும், நடு ராத்திரி 12 மணிக்கு மேல எந்தப் பிள்ளை உக்காந்து படம் பாக்கும் சொல்லுங்க. குவாலிட்டிய மீடியத்துக்கு இறக்கி வச்சா மணிக்கு 0.7 ஜிபி, 20 தடவைக்கு 22 ஜிபி சுமார், செட்டிங்ஸ்ல போய் இத மட்டுமாவது மாத்திடுங்க. ஆப்லயே டவுன்லோடு வசதி இருந்தா ராத்திரி டேட்டாவுல இறக்கி வச்சுக்கலாம், ஆனா அதுக்கும் ஒரு காலாவதி தேதி இருக்கும், சந்தா நின்னா அதுவும் போச்சு.

இன்னொண்ணு, நிறுத்துறது. பல ஆப்ல நிறுத்துன கொஞ்ச நேரத்துல திரை இருண்டு படத்தோட பேரும் விவரமும் மேல வந்து உக்காந்துக்கும், அட்டையில என்ன இருக்குன்னு காட்டலாம்னு நிறுத்துனா அட்டையே தெரியாது. படம் முடிஞ்ச கையோட அடுத்தது தானா ஓட ஆரம்பிக்கும், அத அணைச்சு வைக்கலன்னா கரடியப் பத்திப் பேசலாம்னு வாயத் திறக்குறதுக்குள்ள வேற ஏதோ கார்ட்டூன் கத்திட்டு இருக்கும்.

டிஜிட்டல் வாடகை

ஆப்பிள்லயும் யூடியூப்லயும் வாடகைக்கு எடுத்தா பொதுவா 30 நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சா 48 மணி நேரம். பிள்ளைக்குப் படம் பிடிக்குமா பயந்துக்குமான்னே தெரியலன்னா இதுதான் சரியான வழி. பயம்னு ஏன் சொல்றேன்னா, இதுல நிக்கோல் கிட்மன் வில்லியா வருவாங்க, மிருகங்களக் கொன்னு பஞ்சடைச்சு மியூசியத்துல நிக்க வைக்கிறவங்க, கரடியையும் அப்படிப் பண்ணணும்னு துரத்துவாங்க. பிரிட்டன்ல இதுக்கு பிஜி ரேட்டிங்தான், அதாவது பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கலாம்னு, இருந்தாலும் என் சின்னவ அந்த இடத்துல என் மடியில முகத்தப் பொதைச்சுக்கிட்டா. நாலு வயசுக்குக் கீழன்னா முதல்ல நீங்க தனியா பாத்துடுங்க, வாடகைய வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சா ராத்திரி நீங்க, சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் பிள்ளைங்க, 48 மணி நேரம் முழுசும் பயன்படும்.

ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி அது போயிடும், திங்கக்கிழமை காலையில பிள்ளை கேக்கும். மறுபடி மறுபடி வாடகை கட்டுனா அந்தக் காசுல ரெண்டு டிஸ்க் வாங்கிடலாம். இத நான் கண் முன்னாடி பாத்தேன், பக்கத்து வீட்டு அக்கா ஒரே லீவுல மூணு தடவ எடுத்தாங்க.

டிஜிட்டல்ல வாங்குறது

"வாங்கு"ன்னு பட்டன் இருக்கும், ஆனா கையில வர்றது படம் இல்ல, பாக்குறதுக்கு ஒரு அனுமதி. 2022-ல நடந்தத ஞாபகம் வச்சுக்கோங்க: ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் பிளேஸ்டேஷன் கடையில காசு குடுத்து வாங்கி வச்சிருந்த ஸ்டுடியோகனால் படங்கள ஆகஸ்ட் 31-ல இருந்து பாக்க முடியாதுன்னு சோனி அறிவிச்சுச்சு, லைசென்ஸ் ஒப்பந்தம்தான் காரணம். பேடிங்டன் படங்கள எடுத்ததும் அதே ஸ்டுடியோகனால்தான். இங்கயும் அப்படி நடக்கும்னு நான் சொல்லல, ஆனா வாடகைய விடப் பல மடங்கு காசு குடுக்கும்போது இது மனசுல இருக்கணும்.

சென்னை, திருச்சின்னு அங்க இருந்து புதுசா இங்க வந்தவங்க இன்னொண்ணும் கவனிங்க. உங்க ஆப்பிள் கணக்கு இன்னும் இந்தியாவுல இருந்து, அதுல வாங்கிட்டு அப்புறம் நாட்ட சவுத் ஆப்ரிக்காவுக்கு மாத்துனா, வாங்குனது மறுபடி இறங்காமப் போகலாம். மாத்துறதா இருந்தா மாத்திட்டு வாங்குங்க.

யாருக்கு இது நல்லது? வாரா வாரம் ஊருக்குக் கார்ல போறவங்க, டர்பன்ல இருந்து ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) ஆறு மணி நேரம் பின் சீட்ல பிள்ளைங்கள உக்கார வைக்கணும், டேப்லெட்ல இறக்கி வச்சுட்டா வழியில சிக்னல் தேட வேணாம். அப்புறம் வீட்டுல டிஸ்க் மெஷினே இல்லாதவங்க.

டிவிடி

நான் கடைசியா வந்து நின்னது இங்கதான், அதனால இதுல கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், இங்கதான் ஏமாறுறதுக்கும் நிறைய இடம் இருக்கு.

முதல்ல பிராந்தியக் கோடு. டிவிடி பெட்டிக்குப் பின்னாடி சின்னதா ஒரு பூமி உருண்டை, அதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். நம்ம சவுத் ஆப்ரிக்கா 2, பிரிட்டனும் 2. இந்தியா 5, அமெரிக்கா 1. என் தம்பி திருச்சியில இருந்து வந்தப்ப பிள்ளைங்களுக்குன்னு ஆசையா ஒரு கட்டு டிவிடி கொண்டு வந்தான், ஒண்ணப் போட்டா திரையில "தவறான பிராந்தியம்"னு ஒரே வரி, அடுத்ததப் போட்டா அதே வரி, பிள்ளைங்க மாமா முகத்தையே பாத்துட்டு நின்னுச்சுங்க. அதனால ஊர்ல இருந்து யாராவது வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டா 5 போட்டத வேணாம்னு சொல்லிடுங்க, லண்டன்ல சொந்தம் இருந்தா அங்க இருந்து சொல்லுங்க. உங்க பிளேயர் எல்லாப் பிராந்தியமும் ஓட்டுற ரகம்னா இந்தக் கவலை இல்ல. லேப்டாப் டிரைவ்ல பிராந்தியத்த மாத்தலாம், ஆனா மொத்தம் 5 தடவைதான், அதுக்கப்புறம் கடைசியா வச்சதுலயே பூட்டிக்கும்.

ரெண்டாவது, எந்தப் பேடிங்டன்? அதே பேருல பழைய டிவி தொடரும் இருக்கு, புது கார்ட்டூன் தொடரும் இருக்கு. பெட்டியில 2014, பால் கிங் ரெண்டையும் பாத்துட்டு வாங்குங்க. அட்டைப்படத்துல கரடி மட்டும் இருந்தா அவசரப்படாதீங்க.

மூணாவது, எங்க வாங்குறது. மால்ல போய் எடுத்துட்டு வர்ற காலம் போச்சு, டிஸ்க் வித்துட்டு இருந்த மியூசிகா கடைகள 2021 மே மாசத்தோட மூடிட்டாங்க. இப்ப ஆன்லைன்ல, இல்ல பழைய சாமான் கடையில. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா டிஸ்க் விலைய மட்டும் கூட்டாதீங்க, கப்பல் செலவு, அதுக்கு மேல 15 சதவீதம் வாட் வரி, சுங்கம், கொண்டு வந்து குடுக்குறவங்க கிளியரன்ஸ்னு வாங்குறது, எல்லாம் சேந்தா சில நேரம் டிஸ்க்க விட வழிச்செலவு ஜாஸ்தி. எனக்கு ஒரு பார்சல் ஒம்போது வாரம் கழிச்சு வந்துச்சு, பெட்டி நசுங்கி, நல்லவேளை டிஸ்க் தப்பிச்சது. பிறந்த நாளுக்குன்னு திட்டம் போட்டா ரெண்டு மூணு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க. ஒண்ணா ரெண்டு மூணு வீட்டுக்காரங்க சேந்து ஆர்டர் போட்டா வழிச்செலவு பிரியும், எங்க வகுப்பு அம்மாக்கள் இப்ப அப்படித்தான் பண்றாங்க.

பழைய டிஸ்க்னா கடையிலயே வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா ஓடுற கீறல் பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது, வட்டத்தோட சுத்திப் போற கீறல்தான் ஆபத்து, அந்த இடத்துல படம் கட்டம் கட்டமா உடையும். துடைக்கும்போதும் நடுவுல இருந்து வெளிய நேரா துடைக்கணும், வட்டமா தேய்க்கக் கூடாது. நம்ம டர்பன் ஈரத்துக்கு அலமாரியில அடியில போட்டு வைக்காதீங்க, பெட்டிக்குள்ள பூஞ்சை ஏறும்.

படத் தரம்? டிவிடி 576 வரிதான், பெரிய டிவியில கொஞ்சம் மங்கலா இருக்கும், பிள்ளைங்க கண்டுக்கவே கண்டுக்காது. இன்னொரு விசேஷம், நொடிக்கு 24 பிரேம்ல எடுத்த படத்த இந்தப் பக்கத்து டிவிடியில 25 பிரேம்ல ஓட்டுவாங்க, அதனால 4 சதவீதம் வேகமா ஓடி 95 நிமிஷப் படம் 91 நிமிஷத்துல முடியும். வெட்டிட்டாங்கன்னு நெனச்சு திருப்பி அனுப்பிடாதீங்க, ஒண்ணும் வெட்டல.

நல்லது என்னன்னா, நிறுத்துனா படம் அப்படியே நிக்கும், கொஞ்ச நேரத்துக்காவது. காட்சி காட்சியா பிரிச்சு வச்சிருக்கறதால பயமா இருக்குற இடத்த ஒரே அழுத்துல தாண்டலாம். 2023-ல லோட் ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்துறது) உச்சத்துல இருந்தப்ப ரவுட்டரும் போயி டவரும் செத்து கிடந்த சாயங்காலம் எல்லாம் எங்க வீட்டுல லேப்டாப் பேட்டரியில டிவிடிதான் ஓடுச்சு. இப்ப அந்த அளவுக்கு இல்லன்னாலும் ஏரியாவுல கேபிள் போச்சுன்னா அதே கதைதான். தமிழ் சப்டைட்டில் மட்டும் பிரிட்டிஷ் டிஸ்க்ல எதிர்பாக்காதீங்க, அந்த வேலைய வீட்டுல யாராவதுதான் பண்ணணும்.

ப்ளூ-ரே, 4கே

ப்ளூ-ரே பிளேயரோ, டிஸ்க் போடுற பிளேஸ்டேஷன் 5-ஓ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ஓ ஏற்கெனவே வீட்டுல இருந்தா மட்டும் யோசிங்க. இதுக்காகப் புதுசா மெஷின் வாங்க வேணாம். ப்ளூ-ரேக்கு எழுத்துல பிராந்தியம், நம்மது பி, பிரிட்டனும் பி, இந்தியா சி, அமெரிக்கா ஏ. 4கே டிஸ்க்குக்குப் பிராந்தியமே கிடையாது, ஆனா அதே பெட்டியில கூட வர்ற சாதா ப்ளூ-ரேக்கு இருக்கலாம். படம் அருமையா இருக்கும்ங்கறதுல சந்தேகமே இல்ல, கரடியோட முடி ஒவ்வொண்ணும் ஈரமாகி ஒட்டுறது தெரியும். வேகமும் மாறாது, 95 நிமிஷம் 95 நிமிஷமாவே ஓடும். மேல கடினமான பூச்சு இருக்குறதால சின்னச் சின்ன கீறலத் தாங்கும், பிசுக்குக் கை பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனா ஆயா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அங்க இருக்குற பழைய டிவிடி பிளேயர்ல ஓடாது. டிவிடி ப்ளூ-ரே பிளேயர்லயும் ஓடும், இது அங்க ஓடாது.

சந்தையில விக்கிற காப்பி டிஸ்க் பத்தியும் கேட்டாங்க. வேணாம். சப்டைட்டில் இருக்காது, பாதியில நிக்கும், எடுத்தவங்களுக்கு ஒரு காசு போகாது.

யார் எத எடுக்கலாம்

நாலு வயசுக்குக் கீழ, பிடிக்குமா தெரியாதுன்னா: வாடகை, அதுக்கு மேல ஒரு ரூபாயும் வேணாம். ஃபைபர் இருக்கு, சந்தா இருக்கு, படமும் அதுல இருக்குன்னா ஸ்ட்ரீமிங், ஆனா சந்தாவ நிறுத்துற மாசம் பிள்ளை அழும், அதுக்குத் தயாரா இருங்க. கார்லயே பாதி வாழ்க்கைன்னா டிஜிட்டல்ல வாங்குங்க. ப்ரீபெய்டு டேட்டா, ஒண்ணுக்கு ரெண்டு பிள்ளைங்க, வீட்டுல கூட உக்காந்து கதை சொல்ல ஒரு பெரியவங்க, இந்த மூணும் இருந்தா கண்ண மூடிட்டு பிராந்தியம் 2 டிவிடி.

மூணு படமும் ஒரே பெட்டியா வர்றதப் பாத்து ஆசைப்படுறவங்களுக்கு: முதல் படத்த ஒரு வாரம் காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ரெண்டாவது, கரடி ஜெயிலுக்குப் போற கதை, எங்க வீட்டுல முதல் படத்த விட அதுக்குத்தான் அடிதடி. மூணாவதுல இயக்குநர் வேற, அம்மா வேஷத்துல சாலி ஹாக்கின்ஸ் இல்ல, எமிலி மார்டிமர் வர்றாங்க, "இது அந்த அம்மா இல்லையே"ன்னு பிள்ளை கேக்கும், அத மட்டும் முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாருங்க.

வகுப்பு ஆண்டு விழாவுல கோயில் ஹால்ல போட்டுக் காட்டலாமான்னு கேட்டவங்களுக்கு: டிஸ்க்கோ சந்தாவோ எதுவா இருந்தாலும் வீட்டுக்கு மட்டும்தான் அனுமதி, ஹால்ல காட்ட தனி லைசென்ஸ் வாங்கணும். அத விசாரிக்காம நோட்டீஸ் அடிக்காதீங்க.

டிஸ்க் வந்த அன்னைக்கே உறைய பிரிச்சு முழுப் படத்தையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க, கடைசி அரை மணி நேரத்தையும் சேத்து. நான் ஒண்ண பிறந்த நாள் வரைக்கும் பரிசுப் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தேன், அன்னைக்குப் பிரிச்சுப் போட்டா முக்கால்வாசியில நின்னுடுச்சு, திருப்பிக் குடுக்குற நாள் தாண்டி பத்து நாள் ஆயிருந்துச்சு. மீதிக் கதைய ஆயாதான் சொல்லி முடிச்சாங்க.